அரேயில் இரட்டை வந்தால் எதை நீக்குவது, எதைக் கூட்டுவது

வணக்கங்க. நீங்கள் கேட்டது இது: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஆர்டர், டீசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) கணக்கை வலைப்பக்கத்துக்குக் கொண்டுவருகிறீர்கள். பேக்எண்ட், அதாவது சர்வர் பக்கம், பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும்; ஃப்ரண்ட்எண்ட், அதாவது பார்ப்பவர் பக்கம், ஜாவாஸ்கிரிப்ட். எக்ஸெல்லிலிருந்து ஏற்றிய பட்டியலில் நிறம், சைஸ், பார்ட்டி, ஊர் எல்லாம் திரும்பத் திரும்ப வருகின்றன. அரேயில், அதாவது மதிப்புகளின் பட்டியலில், இரட்டையை நீக்கும் பிஎச்பியின் அரே யுனிக் போட்டபின் பக்கம் சில நாள் சரியாக வருகிறது, சில நாள் காலியாக நிற்கிறது. ஆர்டர் வரிகளை ஜாவாஸ்கிரிப்டின் செட்டுக்குள் (இரட்டையை ஏற்காத தொகுப்பு) போட்டால் ஒன்றுகூட நீங்கவில்லை. ஊர் டிராப் டவுனில் கரூர் ஒரு தடவைதான் இருக்கிறது, கோபிசெட்டிபாளையம் மட்டும் இரண்டு தடவை.

மூன்றும் வேறு வேறு கோளாறு. ஆனால் மூன்றிலும் விட்டுப்போனது ஒரே விஷயம்: இரண்டு மதிப்புகள் எப்போது "ஒன்று" என்பதை நீங்கள் சொல்லவில்லை, அந்தந்த மொழி தன் வழக்கப்படி முடிவு செய்துகொண்டது. பிஎச்பிக்கு ஒரு வழக்கம், ஜாவாஸ்கிரிப்டுக்கு இன்னொன்று, டேட்டாபேஸுக்கு மூன்றாவது. கீழே ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். பிஎச்பியில் அரே ஃபங்ஷன்களுக்குச் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். ஜாவாஸ்கிரிப்டில் சேர்த்து எழுதி, இரண்டாவது சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட வேண்டும்.

பக்கம் காலியாகும் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அது ஒரு வரி வேலை. அரே யுனிக் இரட்டையை எடுத்துவிடும், ஆனால் மீதியின் கீ எண்களை (பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் உள்ள அடையாள எண்) மாற்றாது. சிவப்பு, நேவி, சிவப்பு, கருப்பு என்ற பட்டியலைக் கொடுத்தால் 0, 1, 3 என்ற கீக்களோடு மூன்று நிறம் திரும்ப வரும். நடுவில் 2 இல்லை. இதை ஜேசன் என்கோட் செய்தால் (சர்வரிலிருந்து பக்கத்துக்கு அனுப்பும் எழுத்து வடிவமாக மாற்றினால்), எண் வரிசை அறுந்திருப்பதால் அது சதுர அடைப்புப் பட்டியலாக வராது, நெளி அடைப்புள்ள ஆப்ஜெக்டாக வெளியே போகும். ஃப்ரண்ட்எண்டில் அதன்மேல் மேப் ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அப்படியொரு ஃபங்ஷனே இல்லை என்று பிழை வந்து பக்கம் அங்கேயே நின்றுவிடும்.

சில நாள் மட்டும் நடப்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. சிவப்பு, நேவி, கருப்பு, கருப்பு என்று இரட்டை கடைசியில் வந்தால் கீக்கள் 0, 1, 2 என்று ஒழுங்காகவே மிஞ்சும், பக்கமும் ஓடும். அன்றைய எக்ஸெல்லில் இரட்டை நடுவில் விழுந்தால் உடையும். அதனால் அரே யுனிக்கை எப்போதும் அரே வேல்யூஸுக்குள் வைத்தே எழுதுங்கள். அரே ஃபில்டருக்கும் இதே பழக்கம் உண்டு, அங்கும் அரே வேல்யூஸ் வேண்டும். பிஎச்பி 8.1 அல்லது அதற்கு மேல் இருந்தால், அனுப்புவதற்கு முன் அரே இஸ் லிஸ்ட் கொண்டு ஒரு சோதனை வைக்கலாம்.

அடுத்து, அரே யுனிக் எதை ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது? தனியாக எதுவும் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஸ்டிரிங்காக மாற்றி ஒப்பிடும். 32 என்ற எண்ணும் "32" என்ற எழுத்தும் அதற்கு ஒன்று. ட்ரூவும் 1-உம் ஒன்று. நல் (மதிப்பே இல்லை என்ற குறி), ஃபால்ஸ், வெற்று ஸ்டிரிங் மூன்றும் ஒன்று. ஜாவாஸ்கிரிப்ட் செட் அப்படியில்லை, வகையும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்கிறது. எக்ஸெல்லிலிருந்து எண்ணாக வந்த 32-உம், ஃபார்மில் டைப் செய்து ஸ்டிரிங்காக வந்த "32"-உம் செட்டுக்குள் இரண்டாகவே நிற்கும். திரையில் பார்ப்பவருக்கு 32 சைஸ் இரண்டு தடவை தெரியும், ஏன் என்று புரியாது. பேக்எண்டில் எண்ணிய சைஸ்களும் ஃப்ரண்ட்எண்டில் எண்ணிய சைஸ்களும் ஒத்துவரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். சைஸ், ஸ்டைல் எண், பின்கோடு எல்லாம் கணக்குப் போடும் எண்கள் அல்ல, பெயர்கள். உள்ளே வரும் வாசலிலேயே அவற்றை ஸ்டிரிங்காக மாற்றிவிடுங்கள்.

வெறும் ஸ்டிரிங் பட்டியலுக்கு ஜாவாஸ்கிரிப்டில் [...நியூ செட்(நிறங்கள்)] போதும். 2015-இல் வந்த எக்மாஸ்கிரிப்ட் பதிப்பிலிருந்து இது மொழியின் பகுதி. முதலில் வந்த வரிசையும் கெடாது. பழைய கோடுகளில் ஃபில்டரும் இண்டெக்ஸ் ஆஃபும் சேர்த்து எழுதிய முறையை இன்னும் பார்க்கலாம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணாக மாறாத மதிப்பான நேன் தனக்குத் தானே சமம் இல்லை என்பது இண்டெக்ஸ் ஆஃபின் கணக்கு. அதனால் அந்த முறையில் நேன் ஒன்றுகூட மிஞ்சாமல் மொத்தமாக மறையும். செட் ஒரு நேனை வைத்துக்கொள்ளும். பீஸ் எண்ணிக்கையை நம்பராக மாற்றும்போது தவறான கட்டம் ஒன்று இருந்தது என்பதற்கு அந்த நேன்தான் சாட்சி. அது சத்தமில்லாமல் போய்விடக் கூடாது.

வேகத்தைப் பொறுத்தவரை, 30 நிறத்துக்கு எந்த முறையும் ஒன்றுதான். எல்லாம் வேறு வேறாக இருக்கும் 10,000 வரிக்கு இண்டெக்ஸ் ஆஃப் முறை ஏறக்குறைய 5 கோடி ஒப்பீடு செய்யும், செட் 10,000 தடவை சேர்ப்பதோடு முடித்துக்கொள்ளும். ஒரு சீசனின் டீசி வரிகளை மொத்தமாக ஏற்றினால் இது கண்ணுக்குத் தெரியும், அதுவரை தெரியாது.

இனி ஆர்டர் வரிகள். ஒவ்வொரு வரியும் ஓர் ஆப்ஜெக்ட். செட் ஆப்ஜெக்டின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. மெமரியில் அதே ஆப்ஜெக்டா என்று மட்டுமே பார்க்கும். சர்வரிலிருந்து வந்த ஜேசனைப் பிரிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் புது ஆப்ஜெக்ட் உருவாகிறது. உள்ளடக்கம் அச்சு அசலாக இருந்தாலும் அவை வேறு வேறுதான். அதனால்தான் ஒன்றும் நீங்கவில்லை. பிஎச்பி பக்கம் நேர் எதிராகக் கெடும். அரேக்களின் அரேயை அரே யுனிக்கிடம் கொடுத்தால், ஒவ்வொரு உள் அரேயையும் ஸ்டிரிங்காக மாற்றப் பார்த்து, எல்லாமே "அரே" என்ற ஒரே சொல்லாக மாறி, எச்சரிக்கைச் செய்தியோடு முதல் வரி மட்டும் மிஞ்சும். எச்சரிக்கைகளை மறைத்து வைத்திருக்கும் சர்வரில் 400 வரி ஏற்றி 1 வரி திரும்ப வந்தால் காரணம் இதுதான்.

ஜேசன் ஸ்டிரிங்கிஃபை செய்து அந்த ஸ்டிரிங்கை ஒப்பிடலாம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிறம் முதலிலும் சைஸ் அடுத்தும் உள்ள ஆப்ஜெக்டும், சைஸ் முதலிலும் நிறம் அடுத்தும் உள்ள ஆப்ஜெக்டும் வேறு வேறு ஸ்டிரிங் தரும். மதிப்பே கொடுக்காத, அன்டிஃபைன்ட் ஆன ஃபீல்டு காணாமல் போகும், நேன் நல்லாக மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஃபீல்டுகள் சேர்ந்தால் ஒரு வரி இன்னொரு வரியின் இரட்டை என்ற கேள்வியை அது தள்ளிப்போடுகிறது. ஏற்றிய நேரம் என்று ஒரு ஃபீல்டு சேர்ந்துவிட்டால் அப்புறம் எந்த வரியும் இரட்டை ஆகாது.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு கீ செய்யும் ஃபங்ஷனைத் தனியாக எழுதுவதே சரியான வழி. ஸ்டைல், நிறம், சைஸ் மூன்றும் சேர்ந்ததுதான் உங்கள் வரிக்கு அடையாளம் என்றால் அவற்றை ஒட்டி ஒரு ஸ்டிரிங் ஆக்குங்கள். வெறுமனே ஒட்டாதீர்கள். ஸ்டைல் 20, நிற எண் 43 என்பதும், ஸ்டைல் 204, நிற எண் 3 என்பதும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால் 2043 என்று ஒன்றாகிவிடும். நடுவே உங்கள் டேட்டாவில் வரவே வராத ஒரு குறி வையுங்கள், நெட்டுக்கோடு நல்லது: 20|43, 204|3.

அந்தக் கீயைக் கொண்டு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மேப் கட்டுங்கள். இது கீயும் மதிப்பும் ஜோடியாக வைக்கும் தொகுப்பு, மேலே சொன்ன மேப் ஃபங்ஷன் அல்ல. ஜோடிகளின் பட்டியலை நியூ மேப்பிடம் நேராகக் கொடுத்தால், ஒரே கீ மறுபடி வரும்போது மதிப்பு புதியதாக மாறும், இடம் மட்டும் முதலில் வந்த இடமாகவே இருக்கும். கடைசியாக வந்த விலை வேண்டும் என்றால் இது பொருந்தும். முதலில் வந்ததே வேண்டும் என்றால், ஒவ்வொன்றாகச் சுற்றி, கீ ஏற்கெனவே இருக்கிறதா என்று ஹேஸில் கேட்டு, இல்லாவிட்டால் மட்டும் மேப்பின் செட் ஃபங்ஷனால் சேருங்கள். பிஎச்பியில் அரே காலம் (இங்கே காலம் என்றால் நெடுவரிசை) ஃபங்ஷனுக்கு இரண்டாவது இடத்தில் நல்லும் மூன்றாவது இடத்தில் கீ ஃபீல்டின் பெயரும் கொடுத்தால் இதே வேலையை ஒரே வரியில் செய்யும். அங்கும் கடைசியாக வந்ததுதான் மிஞ்சும். முடிவில் அரே வேல்யூஸ் மறக்க வேண்டாம்.

மேப்புக்குப் பதிலாக வெறும் ஆப்ஜெக்டில் கீக்களைச் சேர்க்காதீர்கள். முழு எண் போலத் தெரியும் கீக்களை ஆப்ஜெக்ட் ஏறுவரிசையில் முன்னால் தள்ளிவிடும். நீங்கள் 44, 32, 38 என்று போட்டாலும் 32, 38, 44 என்றுதான் திரும்ப வரும். பிஎச்பி அரேயிலும் ஒரு பொறி இருக்கிறது. "204" என்ற ஸ்டிரிங்கைக் கீயாக வைத்தால் அது 204 என்ற எண்ணாகிவிடும், "0204" மட்டும் ஸ்டிரிங்காகவே நிற்கும். அரே ஃப்ளிப் செய்து அரே கீஸ் எடுக்கும் குறுக்கு வழியில் போனவர்களுக்கு ஸ்டிரிங்காகப் போன ஸ்டைல் எண் எண்ணாகத் திரும்பும். பிறகு மூன்று சமக்குறி போட்டு வகையையும் சேர்த்து ஒப்பிடும் இடங்களெல்லாம் பொய்யாகும்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் போவது துணியும் கூலியும். 204 ஸ்டைல், நேவி, எல் சைஸ், 120 பீஸ் என்று ஒரு வரி. அதே ஸ்டைல், அதே நிறம், அதே சைஸ், 80 பீஸ் என்று இன்னொரு வரி. மேலே சொன்ன கீயின்படி இவை இரட்டை. மேப்பில் போட்டால் ஏதாவது ஒன்று போய்விடும். 80 மிஞ்சினால் 120 பீஸ் கணக்கில் இல்லை. ஆனால் பவர் டேபிளில் (தையல் பிரிவில்) 200 பீஸ் தைத்திருக்கிறார்கள். இவை நீக்க வேண்டிய வரிகள் அல்ல, கூட்ட வேண்டிய வரிகள். கீ ஏற்கெனவே இருந்தால் பீஸ் எண்ணிக்கையை அதோடு சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் இரண்டையும் நம்பராக மாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜாவாஸ்கிரிப்டில் "120"-உம் "80"-உம் கூடி "12080" ஆகும். வெற்றுக் கட்டத்தை நம்பராக மாற்றினால் 0 வரும், பிழை வராது. அதையும் தனியாகப் பிடிக்க வேண்டும்.

எந்த ஃபீல்டு அடையாளம், எந்த ஃபீல்டு அளவு என்று கட்டிங் மாஸ்டரிடமோ பேக்கிங் பார்ப்பவரிடமோ கேட்டே முடிவு செய்யுங்கள். நிறப் பட்டியல், சைஸ் பட்டியல், ஊர்ப் பட்டியல் போன்றவற்றில் அளவு கிடையாது, அங்கே தாராளமாக நீக்கலாம். பீஸ், கிலோ, ரூபாய் என்று ஏதாவது ஒன்று வரியில் இருந்தால், நீக்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். ஓட்டுவதற்கு முன் மொத்த பீஸ், ஓட்டிய பின் மொத்த பீஸ் இரண்டையும் எழுதிப் பாருங்கள். கூட்டல் முறையில் அது மாறவே கூடாது.

சரி, கோபிசெட்டிபாளையம். இது தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை. யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். "கோ" என்பதைக் ககரமும் ஓகாரக் குறியும் என்று இரண்டு குறியீடாக வைக்கலாம். ககரம், ஏகாரக் கொம்பு, துணைக்கால் என்று மூன்று குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. சில கீபோர்டுகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் கொம்பையும் காலையும் தனித்தனியாக விட்டுவிடுகின்றன. கரூர், நாமக்கல், திருப்பூர் பெயர்களில் இந்தக் குறி இல்லாததால் அவை ஒரு தடவையே வந்தன. கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, கொடுமுடி, கோபி எல்லாவற்றிலும் இருக்கிறது. கொங்கு நாட்டு ஊர்ப் பட்டியலில் இந்தக் கோளாறு இவ்வளவு பளிச்சென்று தெரிவதற்கு அதுதான் காரணம்.

சோதித்துப் பார்க்க நீளத்தை எண்ணுங்கள். "கோவை" என்பதன் லெங்த் ஜாவாஸ்கிரிப்டில் 4 வர வேண்டும். பிரிந்த வடிவத்தில் 5 வரும். பிஎச்பியின் ஸ்டர்லென் ஃபங்ஷன் பைட் கணக்கு, ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், எனவே 12-உம் 15-உம் வரும். "ஈரோடு" என்றால் ஜாவாஸ்கிரிப்டில் 5-உம் 6-உம்.

மருந்து எளிது. ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்று கூப்பிட்டால் போதும், எதுவும் கொடுக்காவிட்டால் என்எஃப்சி என்ற சேர்த்த வடிவத்துக்கு அது கொண்டுவரும். பிஎச்பியில் நார்மலைசர் கிளாஸ் இருக்கிறது, அதற்கு இன்டல் எக்ஸ்டென்ஷன் சர்வரில் போட்டிருக்க வேண்டும். அதில் ஒரு ஆபத்து: யுடிஎஃப்-8 கெட்டுப்போன ஸ்டிரிங்கைக் கொடுத்தால் அது ஃபால்ஸ் தரும். அந்த ஃபால்ஸைக் கீயோடு ஒட்டினால் வெற்று ஸ்டிரிங். கெட்டுப்போன கட்டங்கள் எல்லாம் ஒரே ஊராகச் சுருங்கிவிடும். ஃபால்ஸ் வந்ததா என்று பார்த்து, வந்தால் அந்த வரியைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. கௌண்டம்பாளையம் என்பதைப் பலர் கொம்பும் ளகரமும் போட்டு "கெளண்டம்பாளையம்" என்று அடித்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் அந்த ள உண்மையான ளகரம். யூனிகோடு விதிப்படி அது ஔகாரம் அல்ல. கவுண்டம்பாளையம் என்று எழுதுகிறவர்களையும் சேர்த்தால் ஒரே ஊருக்கு மூன்று எழுத்து. கொம்பும் ளகரமும் வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றி ஓட்டிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். வெள்ளகோவிலும் வெள்ளலூரும் அந்த நிமிடமே கெட்டுப்போகும், அவற்றில் வருவது உண்மையான ளகரம். "ஸ்ரீ"யும் இப்படித்தான். ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. பார்ட்டி பெயர்களில் பாதிக்கு மேல் ஸ்ரீயில் தொடங்கினால் நிலைமையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கு மாற்றுப் பெயர் அட்டவணை ஒன்று தனியாக வைப்பதுதான் நிலைக்கும். இடதுபக்கம் எழுதப்படும் வடிவம், வலதுபக்கம் நீங்கள் ஏற்ற வடிவம். கோவை, கோயம்புத்தூர், உடுமலை, உடுமலைப்பேட்டை, கோபி, கோபிசெட்டிபாளையம் எல்லாம் அந்த அட்டவணையில்தான் சேர வேண்டும். எந்த ஃபங்ஷனும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது.

கண்ணுக்குத் தெரியாத குறிகள் இன்னொரு வகை. வாட்ஸப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ எடுத்து ஒட்டிய பெயரில் அகலமில்லாத இணைப்பான், பிரிப்பான் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். ட்ரிம் இவற்றை எடுக்காது. உடையாத இடைவெளியை ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிம் எடுக்கும், பிஎச்பியின் சாதா ட்ரிம் எடுக்காது; பிஎச்பி 8.4-இல் வந்த எம்பி ட்ரிம் எடுக்கும். கீ செய்யும் ஃபங்ஷனுக்குள் முதலில் நார்மலைஸ், பிறகு அகலமில்லாத குறிகளை நீக்குதல், பிறகு தொடர்ந்த இடைவெளிகளை ஒன்றாக்குதல், பிறகு ட்ரிம், கடைசியாக மாற்றுப் பெயர் அட்டவணை என்று வரிசையாகச் செய்யுங்கள். இதெல்லாம் கீக்கு மட்டும். காட்டுவதற்கும் சேமிப்பதற்கும் அவர்கள் அடித்த வடிவத்தை அப்படியே ஒரு ஃபீல்டில் வைத்திருங்கள். நாளைக்கு உங்கள் விதி தவறு என்று தெரிந்தால் திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி.

இதற்கு நேர் எதிரான தவறும் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும். பெயர் ஒன்றாக இருக்கும், ஊர் வேறாக இருக்கும். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையம் உண்டு, திருப்பூரிலும் செட்டிபாளையம் உண்டு. வீரபாண்டி திருப்பூரிலும் இருக்கிறது. பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் இருப்பதை நம்பர் 4 வீரபாண்டி என்கிறார்கள். பாளையம், பாளையமாக நிறைந்த நாடு இது. பெயரை மட்டும் கீயாக வைத்து நீக்கினால் ஒரு ஊரின் சரக்கு இன்னொரு ஊர் லாரியில் ஏறும். பெயரோடு பின்கோடையும் சேர்த்துக் கீயாக்குங்கள். டிராப் டவுனில் காட்டும்போதும் பக்கத்தில் மாவட்டத்தையோ பின்கோடையோ போடுங்கள். அங்கே ஒரே பெயர் இரண்டு தடவை வருவது பிழையல்ல.

பார்ட்டிகளுக்குப் பெயரை நம்பவே வேண்டாம், ஜிஎஸ்டி எண் இருக்கிறது. 15 எழுத்து: முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து பான் எண், 13-ஆவது, அதே பானுக்கு அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது, கடைசி எழுத்து சரிபார்ப்புக்கு. பெரிய எழுத்தாக்கி, இடைவெளி நீக்கி, நீளம் 15 தானா என்று பார்த்த பிறகே கீயாக எடுங்கள். ஒரே முதலாளியின் இரண்டு பதிவுகளை ஒன்றாகக் காட்ட வேண்டுமா என்பது கணக்கர் சொல்ல வேண்டியது. அவர் ஆமென்றால் நடுவிலுள்ள பத்து எழுத்தே கீ.

ஆனால் இரண்டு ஓவர்லாக்கும் ஒரு ஃபிளாட்லாக்கும் என்று நாலைந்துக்குள் தையல் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் சிறிய யூனிட்டுகளில் பலவற்றுக்கு ஜிஎஸ்டி எண் இருக்காது. அந்தக் கட்டம் வெற்று. வெற்று ஸ்டிரிங்கும் ஒரு கீதான், அதனால் அத்தனை யூனிட்டும் ஒரே யூனிட்டாகச் சுருங்கும். கீ வெற்றாக இருந்தால் அந்த வரியை எதோடும் ஒப்பிடாமல் அப்படியே கடத்திவிடுங்கள், அல்லது ஃபோன் எண்ணைக் கீயாக்குங்கள்.

ஃபோன் எண் என்றவுடன் எக்ஸெல் நினைவுக்கு வர வேண்டும். முன்னால் 91 சேர்த்து 12 இலக்கமாக அடித்தால், சாதாரணக் கட்டத்தில் எக்ஸெல் அதை 9.19E+11 மாதிரிச் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமித்தால் காட்டிய வடிவம்தான் ஃபைலுக்குப் போகும். முதல் சில இலக்கம் ஒத்த எண்களெல்லாம் ஒரே ஸ்டிரிங். உங்கள் கோடு சரியாகத்தான் வேலை செய்யும், நிஜத்தில் வேறு வேறான பார்ட்டிகளை அழித்துவிடும். எக்ஸெல்லில் அந்த நெடுவரிசையை டெக்ஸ்டாக மாற்றியபின் அடிக்கச் சொல்லுங்கள். ஏற்றும்போது ஃபோன் கீயில் இலக்கத்தைத் தவிர வேறு எழுத்து இருந்தால் வரியைத் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக டேட்டாபேஸ். அரேயில் இரட்டை வந்ததென்றால், அது எங்கே பிறந்தது என்று பார்த்தபிறகே நீக்குங்கள். ஆர்டர் டேபிளை டீசி டேபிளோடு ஜாயின் செய்து இணைத்தால், மூன்று டீசி போட்ட ஆர்டர் மூன்று தடவை வரும். அதை அரே யுனிக்கில் மறைத்தால் பட்டியல் சரியாகத் தெரியும், அதே க்வெரியில் கூட்டிய ஆர்டர் பீஸ் மட்டும் மூன்று மடங்காகவே நிற்கும். க்வெரியைத்தான் திருத்த வேண்டும். க்வெரியிலேயே இரட்டையை நீக்கும் டிஸ்டிங்க்ட் போட்டாலும் அது மொத்த வரிக்கும் பொருந்தும். நிறத்தோடு ஐடியையும் கேட்டால் எல்லா வரியும் வேறு வேறாகவே வரும். மைஎஸ்க்யூஎல் 8-க்கு மாறி, கொலேஷனும் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) அதன் இயல்பான புதியதுக்கு மாறியபின் திடீரென இரட்டை தெரிந்தால் கடைசி இடைவெளியைப் பாருங்கள். பழைய யூனிகோடு சிஐ கொலேஷன் கடைசி இடைவெளியைப் பொருட்படுத்தாது, 0900 கொலேஷன் பொருட்படுத்தும்.

சேமிக்கும் இடத்தில் யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பை இரண்டாம் தடவை ஏற்காத டேட்டாபேஸ் கட்டுப்பாடு) போடாமல் கோடில் மட்டும் "இருக்கிறதா" என்று பார்த்துச் சேர்ப்பது போதாது. இரண்டு பேர் ஒரே நொடியில் சேமி பொத்தானை அழுத்தினால் இரண்டு சோதனையும் "இல்லை" என்றே சொல்லும், இரண்டு வரியும் உள்ளே போகும். ஊருக்கும் பார்ட்டிக்கும் முன்பு சொன்ன கீயை டேபிளில் ஒரு நெடுவரிசையாக வைத்து அதன்மேல் யுனிக் இண்டெக்ஸ் போடுங்கள்; இரண்டாவது வரி 1062 என்ற பிழையோடு நிற்கும். ஜிஎஸ்டி எண் இல்லாதவர்களுக்கு வெற்று ஸ்டிரிங்கை வைக்காமல் நல் வையுங்கள். யுனிக் இண்டெக்ஸ் எத்தனை நல்லையும் விடும், வெற்று ஸ்டிரிங்கை ஒன்றுக்கு மேல் விடாது.

டீசி வரிகளுக்கு ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் (கீ ஏற்கெனவே இருந்தால் பழைய வரியையே மாற்றும் கட்டளை) போட்டுப் பீஸைக் கூட்டலாம் என்று நினைத்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஸ்டைல், நிறம், சைஸ் மட்டும் கீயாக இருந்தால், நெட் மெதுவாக இருக்கும் நேரத்தில் பொத்தானை இரண்டு தடவை தட்டியவருக்கு 120 பீஸ் 240 ஆகும். டேபிளில் டீசி எண்ணும் அதன் வரி எண்ணும் சேர்ந்ததை யுனிக்காக வையுங்கள், அங்கே கூட்டவே வேண்டாம், இரண்டாவது தட்டலை நிராகரியுங்கள். ஸ்டைல், நிறம், சைஸ் வாரியான கூட்டலை அந்த வரிகளைப் படித்துக் காட்டும் இடத்தில் மட்டும் செய்யுங்கள்.